இறங்கி வரும் சுருதி

சுருதி மாதா, லயம் பிதா என்பது இசையுலகில் நெடுங்காலமாக வழங்கிவரும் முதுமொழி. மலையகத்தில் வாழ்பவர்க்கு இம்மொழியில் பிறர்க்கில்லாத ஒரு சுவை உண்டு. சிறிது கசப்பும் உண்டு. தோட்டத்து மக்கள் நாவில் லயம் என்பது தாளத்தின் நடையைக் குறிப்பதன்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளைத் தொடராகக் கட்டி, அறைக்கு ஒரு குடும்பமாகத் துரைமார் குடியேற்றிய வரிசை வீட்டையே அது குறிக்கும். அந்த லயத்தைப் பற்றிக் கதைகளும் கவிதைகளும் கட்டுரைகளும் எத்தனையோ வந்துவிட்டன. அங்கே ஒலிக்கும் சுருதியைப் பற்றி நாம் பேசியது குறைவு. ஆதலின் பிதாவைச் சற்றே இருக்கவிட்டு, மாதாவைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

ஊவா மாகாணத்தில், பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, மடுல்சீமை நோக்கிச் செல்லும் பாதையிலும், ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, ஹப்புத்தளை எனப் புகையிரதம் ஏறிச் செல்லும் வழியிலும் உள்ள தோட்டங்களில் திருவிழா வந்துவிட்டால், இன்று இரண்டு வாத்தியங்கள் எதிரெதிரே நிற்பதைக் காணலாம். ஒன்று, நம் பாட்டன்மார் கடல் கடந்து வந்தபோது உடன்வந்த தப்பு. மற்றொன்று, இளைஞர்களின் இசைக்குழுவோடு மேடையேறிய மின் கிற்றார். "தப்பு எங்கள் சுருதியோடு சேராது, நாங்கள் தொடங்கும்போது அவர்கள் நிறுத்தவேண்டும்" என்பது இளைஞர் கட்சி. "அந்தக் கம்பிச் சத்தம் அம்மனுக்கு ஆகாது" என்பது முதியோர் கட்சி. திருவிழாக் குழுவினர் இரண்டுக்கும் வெவ்வேறு நேரம் வகுத்துக் கொடுத்துச் சமாதானம் செய்கின்றனர். வகுத்துக் கொடுக்கும் நேரத்தில் தப்புக்கு உரிய பங்கு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி வருகிறது.

இரண்டும் சேரவே சேராதா? சேரவேண்டுமாயின் யார் யாருக்காக இறங்கிவருவது? இவ்வினா வெறும் இசை வினா அன்று. எனினும் விடையை இசையிலிருந்தே தொடங்குவோம்.

நெருப்பில் ஏறும் சுருதி

தப்பின் அமைப்பு எளிது. மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி, ஒன்றோடொன்று பொருத்தி வட்டச் சட்டமாக்குவர். அதன் ஒரு முகத்திலே பதப்படுத்திய கன்றுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இறுக்குவர். மறுமுகம் திறந்தே கிடக்கும். இடக்கையில் நீண்டு மெலிந்த மூங்கிற் சிம்பு. வலக்கையில் குட்டையான தடித்த குச்சி. முறுக்குவதற்கு ஆணியில்லை, இறுக்குவதற்கு வாரில்லை. தப்பின் சுருதியைக் கூட்ட ஒரே வழி நெருப்புத்தான்.

அடிக்கத் தொடங்குமுன் காய்ந்த இலையையும் கவ்வாத்து மிலாற்றையும் குவித்துத் தீமூட்டி, தப்பின் முகத்தை அனலுக்குக் காட்டுவர். தோல், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஈரம் ஏற ஏறத் தளரும். ஈரம் வற்ற வற்றச் சுருங்கும். சட்டத்தோடு ஒட்டப்பட்டிருப்பதால் சுருங்க இடமின்றி விறைத்து நிற்கும். விறைப்பு மிகுந்தால் சுருதி உயரும். குச்சியால் ஒருமுறை தட்டுவதும், செவி சாய்த்துக் கேட்பதும், மீண்டும் அனலில் காட்டுவதுமாக, நான்கு தப்புகளையும் ஒரே குரலுக்குக் கொண்டுவருவது கைதேர்ந்தவர் செய்யும் வேலை. சூடு சிறிது மிகுந்தால் தோல் வெடித்துவிடும். சிறிது குறைந்தால் ஓசை எழும்பாது.

ஊவாவின் காலநிலை இந்தக் கலைக்கு ஒரு சோதனைக்கூடம் போன்றது. ஆடி, ஆவணி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவிலே மழையைக் கொட்டிவிட்டு, மலைமுகடு தாண்டி வறண்ட காற்றாய் ஊவாப் பக்கம் இறங்குகிறது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குத் தனி மணமும் தனி விலையும் கிடைப்பது இக்காற்றினால்தான். ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான இப்பருவத்தில் தப்பும் தானாகவே விறைத்து நிற்கும். சிறு அனலே போதும். ஐப்பசி தொடங்கி மார்கழி, தை வரை வடகீழ்ப் பருவமழையும் மூடுபனியும் சேர்ந்துவிட்டால், கால் மணிக்கு ஒருமுறை நெருப்பைத் தேடவேண்டியிருக்கும். ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளை நகரிலே தளராத தோல், 1,400 மீற்றருக்கு மேலுள்ள ஹப்புத்தளையிலே மாலை ஐந்து மணிக்கே தளர்ந்துவிடும்.

மாசி மாதத்துக் காமன்கூத்திலே இதனை நன்றாகக் காணலாம். இரதியும் மதனும் ஆடும் அக்கூத்து மூன்றாம் பிறையில் தொடங்கிப் பௌர்ணமியை ஒட்டி முடிவது. பனி கொட்டும் இரவுகள் அவை. தப்பு இல்லாமல் அக்கூத்து ஓர் அடியும் நகராது. சிவனுடைய நெற்றிக்கண் காமனை எரிக்கும் கதை நடக்கும் களத்தின் ஓரத்திலே, தப்பைக் காய்ச்சுவதற்கென்று மற்றொரு நெருப்பும் விடிய விடிய எரிந்துகொண்டிருக்கும்.

கட்டைக் கணக்கில் கிற்றார்

கிற்றாருக்கு வருவோம். அதன் ஆறு தந்திகளுக்கு உலகெங்கும் ஒரு நியமச் சுருதி உண்டு. தடித்த தந்தியிலிருந்து தொடங்கி ஈ, ஏ, டீ, ஜீ, பீ, ஈ என்று மேலைநாட்டார் அவற்றுக்குப் பெயரிடுவர். இவற்றுள் ஏ என்னும் சுரத்துக்குச் செக்கனுக்கு 440 அதிர்வுகள் என்று 1939ஆம் ஆண்டு லண்டனில் கூடிய சர்வதேச மாநாடு வரையறுத்தது. அந்த அளவுகோலின்படி, கிற்றாரின் மிகத் தடித்த தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 82 முறையும், மிக மெல்லிய தந்தி ஏறத்தாழ 330 முறையும் அதிரும்.

ஆர்மோனியக் கட்டையில் சுருதி பார்க்கும் நம்மவர்க்கு இதனை எளிதாகச் சொல்லிவிடலாம். சீ என்பது ஒரு கட்டை. டீ இரண்டு கட்டை. ஈ மூன்று கட்டை. ஆகவே நியமச் சுருதியில் நிற்கும் கிற்றாரின் திறந்த தடித்த தந்தி மூன்று கட்டையில் ஒலிக்கிறது. ஆறு தந்திகளையும் அரைச் சுரம் இறக்கினால் அது இரண்டரைக் கட்டையாகும். ஒரு முழுச் சுரம் இறக்கினால் இரண்டு கட்டையாகும். தடித்த தந்தியை மாத்திரம் ஒரு சுரம் இறக்கி, ஏனைய ஐந்தையும் இருந்தபடியே விட்டுவைக்கும் முறையும் உண்டு.

தந்தியை இறக்குவது என்றால் ஆணியைத் திருகித் தளர்த்துவதுதானே, அதில் என்ன வித்தை என்று கேட்கலாம். மெர்சென் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் தந்திகளின் விதியை 1636ஆம் ஆண்டிலேயே நூலாக வெளியிட்டார். அதிர்வின் எண்ணிக்கை, தந்தியின் இழுவையினது வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. அதன்படி அரைச் சுரம் இறக்கினால் இழுவையில் நூற்றுக்குப் பதினொன்று குறையும்; முழுச் சுரம் இறக்கினால் நூற்றுக்கு இருபதுக்குச் சற்று மேலாகக் குறையும். சாதாரணமாக விற்கப்படும் தந்திக் கட்டொன்றை நியமச் சுருதியில் ஏற்றினால், ஆறு தந்திகளும் சேர்ந்து கிற்றாரின் கழுத்தை ஏறக்குறைய 45 கிலோகிராம் பளுவோடு இழுக்கின்றன. முழுச் சுரம் இறக்கும்போது அப்பளு சுமார் 36 கிலோகிராமாகிவிடும். ஒரு நெல்மூட்டையைத் தாங்கிக்கொண்டிருந்த கழுத்திலிருந்து திடீரென ஒன்பது கிலோகிராமை இறக்கினால் கழுத்து நிமிராதோ?

நிமிரத்தான் செய்கிறது. கிற்றாரின் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கோல் ஓடுகிறது. தந்திகள் முன்னே இழுக்க, அக்கோல் பின்னே இழுக்கும். தந்திகள் தளர்ந்தால் கோலின் கை ஓங்கும். கழுத்துப் பின்னோக்கி வளையும். தந்திகள் மெட்டுக் கம்பிகளில் உராய்ந்து இரையும். 1954ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்ட்ராடோகாஸ்டர் என்னும் கிற்றாரையும் அதனைப் பின்பற்றிச் செய்யப்படும் மலிவுப் பிரதிகளையும் நம் இளைஞர் பலர் கையில் காண்கிறோம். அவற்றின் பின்புறத்தில் வில்லுகளும் பொருத்தப்பட்டுள்ளன. தந்திகள் ஒரு தட்டு, வில்லுகள் மறு தட்டு. தராசுபோல இரண்டும் சமனாக நிற்கவேண்டும். ஒரு தந்தியைத் தளர்த்தினால் வில்லுகள் பாலத்தைப் பின்னே சாய்க்கும். தொடாத ஐந்து தந்திகளும் தாமே உயர்ந்துவிடும். ஆறையும் இறக்கி முடித்துவிட்டுப் பார்த்தால் முதலில் இறக்கியது மறுபடி ஏறியிருக்கும். பாட்டுக்குப் பாட்டு நியமச் சுருதிக்கும் தாழ்ந்த சுருதிக்கும் மாறி மாறிப் போய்வரும் கிற்றார் எங்கும் நிலைத்து நிற்காமல் அலைவது இதனால்தான்.

பனியில் நடந்தது

சில ஆண்டுகளுக்குமுன், மாசி மாதத்து இரவொன்றில், பசறை வழியிலுள்ள ஒரு தோட்டத்துக்குச் சென்றிருந்தேன். கோயில் முன்றிலிலே தப்புக்காரர் நால்வர். பக்கத்து மேடையிலே இளைஞர் இசைக்குழு. இரு சாராரும் சேர்ந்து ஒரு பாட்டை இசைப்பதென்று அன்று ஏதோ ஒரு நல்ல வேளையில் உடன்பாடு ஆகியிருந்தது. தொடங்கிய மாத்திரத்தில் ஏதோ உறுத்தியது. தாளத்தில் பிழையில்லை. தப்பின் நடுமுகத்துக் கனத்த ஓசையும் கிற்றாரின் தடித்த தந்தியும் அருகருகே ஒலித்தும் ஒன்றாமல், அலை அலையாக நடுங்கின. நெருங்கிய இரண்டு ஓசைகள் செக்கனுக்கு நான்கு அதிர்வு வேறுபட்டால், செவியிலே செக்கனுக்கு நான்கு நடுக்கம் கேட்கும். இயற்பியல் மாணவர் இதனை அடிப்பு என்பர்.

"பெரியப்பா, நாங்க சரியான சுருதியிலதான் இருக்கோம். மெசின்ல பாத்தோம். நீங்கதான் ஏறணும்" என்றான் கிற்றார் வைத்திருந்த இளைஞன்.

முதியவர் தப்பை அனலில் காட்டியவாறே, "ஏத்தியாச்சு தம்பி. இதுக்கு மேல ஏத்துனா தோலு கிழியும். பனி எறங்குனா தோலு தூங்கிரும், எழுப்பலாம், அடிச்சு எழுப்ப முடியாது" என்றார்.

இருவர் கூறியதும் உண்மை. அவர்கள் அறியாத மூன்றாவது உண்மை ஒன்றும் அங்கே நடந்துகொண்டிருந்தது. பனியில் தோல் தளர்ந்து சுருதி இறங்குகிறது. அதே பனியின் குளிரில் எஃகுத் தந்தி சுருங்கிச் சுருதி ஏறுகிறது. நெருப்பருகே கொண்டுபோனால் தோல் ஏறும். தந்தி நெகிழ்ந்து இறங்கும். இரவு முதிர முதிர இரண்டும் எதிரெதிர்த் திசையில் நடக்கும் இயல்பின. மாலை ஆறு மணிக்கு இயைந்திருந்த வாத்தியங்கள் பத்து மணிக்குப் பிணங்குவதற்கு ஒருவருடைய பிடிவாதமும் காரணமன்று. ஊவாவின் குளிர்தான் காரணம்.

பின்னர் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். குழுவில் இன்னொரு கிற்றார் இருந்தது. அதனை வைத்திருந்த இளைஞன் பேச்சில் கலந்துகொள்ளாமல் கீழிறங்கி வந்து, முதியவர் அருகில் குந்தி, "அந்த நடு அடிய மட்டும் அடிங்க பெரியப்பா" என்று கேட்டு, தடித்த தந்தியை மெல்ல மெல்லத் தளர்த்தினான். நடுக்கம் செக்கனுக்கு நான்காக இருந்தது இரண்டாகி, ஒன்றாகி, அடங்கிற்று. அந்தத் தந்தியைக் கொண்டு ஏனைய ஐந்தையும் சேர்த்துக்கொண்டான். விசைப்பலகைக்காரர் ஒரு பொத்தானை அழுத்தி இறங்கிவந்தார். ஏறக்குறைய இரண்டு பாட்டு நேரம் பிடித்தது. அதன்பின் எழுந்த ஓசையைக் கேட்டுத் தேநீர்க் கடையில் நின்றவர்களும் முன்றிலுக்கு வந்துவிட்டனர்.

மேலேறி நின்றவன் இறங்கிவந்தான். இறங்கவோ ஏறவோ இடமில்லாதவர் இருந்த இடத்திலே இருந்தார். எது நியாயம் என்று நான் விளக்கவேண்டியதில்லை.

இறக்கம் இழிவன்று

சுருதியை இறக்குவது திறமைக் குறைவு என்று எண்ணுவோர் உண்டு. நம் இசை வரலாறு அவ்வெண்ணத்தை ஏற்கவில்லை. நாகசுரத்தில் ஒருகாலத்தில் ஆட்சி செய்தது திமிரி. குட்டையான உடல், நான்கு, ஐந்து கட்டைச் சுருதி, ஊர் எல்லைவரை கேட்கும் கூர்மை. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை நீண்ட உடலும் இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியும் கொண்ட பாரி நாயனத்தைக் கையிலெடுத்தார். நரசிங்கன்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அதனைச் செம்மைப்படுத்திக் கொடுத்தார். சுருதி இறங்கியது, இராக ஆலாபனையோ ஆழ்ந்து விரிந்தது. 1956ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின்னும் கச்சேரி நாயனம் என்றால் பாரியே என்று ஆகிவிட்டது.

மிருதங்க வித்துவான்கள் வேறொரு வழி கண்டவர்கள். ஆண்குரலுக்கு ஒரு கட்டையை அடுத்தும், பெண்குரலுக்கு ஐந்து கட்டையை அடுத்தும் சுருதி நிற்கும். ஒரே மிருதங்கத்தை இத்தனை தூரம் ஏற்றி இறக்க இயலாது. ஆதலின் தாழ்ந்த சுருதிக்கு நீண்டதொரு மிருதங்கமும் உயர்ந்த சுருதிக்குக் குறுகியதொரு மிருதங்கமும் வைத்துக்கொள்வர். மேலைநாட்டுக் கிற்றார் வித்துவான்கள் மேடையில் இரண்டு மூன்று கிற்றார்களை வரிசையாக நிறுத்தி வைத்திருப்பதும் இதே காரணத்தால்தான்.

ஆலைத் தொழிலாளி ஒருவரின் கதையையும் நம்மவர் அறியவேண்டும். இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் டோனி அயோமி என்னும் இளைஞர் தகட்டு இரும்பு ஆலையொன்றில் வேலை செய்தார். பதினேழாம் வயதில், அவ்வேலையை விட்டு நீங்கும் நாளன்று, இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் நடு இரு விரல்களின் நுனிகளை இழந்தார். அவர் இடக்கைப் பழக்கமுடையவர். தந்தியை அழுத்தும் கை அதுவே. கிற்றார் இனி இல்லை என்று மனமொடிந்தவர், உருக்கிய பிளாஸ்டிக்கால் தாமே விரல்நுனி செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகளை ஏற்றினார். பின்னர்ச் சுருதியையும் இறக்கினார். தளர்ந்த தந்தி காயப்பட்ட விரலுக்கு இணங்கிற்று. பிளாக் சபாத் என்ற அவருடைய குழு 1971ஆம் ஆண்டில் வெளியிட்ட மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி என்னும் இசைத்தட்டில் கிற்றார் ஒன்றரைச் சுரம் வரை இறங்கிப் பேசுகிறது. அந்தக் கனத்த ஓசை பின்வந்த ஒரு பெரும் இசை மரபுக்கே அடையாளமாயிற்று. கொழுந்தெடுத்துக் காய்த்த விரல்களையும், தேயிலை ஸ்டோரில் உருளைகளுக்கு இடையே வேலை செய்யும் கைகளையும் கண்டு வளர்ந்த நம் இளைஞர்க்கு இக்கதையின் பொருள் எளிதில் விளங்கும். கைக்கு ஏற்ப வாத்தியம் இறங்கியது. இசை இறங்கவில்லை.

செய்யத்தக்கது யாது?

பாட்டுக்குப் பாட்டு ஏற்றி இறக்காமல், இரவு முழுதுக்கும் ஒரு சுருதியைக் குறித்துக்கொள்வதே முதல் வேலை. தப்போடும் பாரி நாகசுரத்தோடும் சேரவேண்டிய இரவுக்கு இரண்டரைக் கட்டை பொருத்தமானது. கிற்றாரை வீட்டிலேயே அரைச் சுரம் இறக்கி, சில நாள் அப்படியே விட்டுவைத்தால் கழுத்தும் வில்லும் புதிய பளுவுக்குப் பழகிவிடும். பழகியபின் கழுத்தின் வளைவையும், பன்னிரண்டாம் மெட்டில் சுரம் சரியாக ஒலிக்கிறதா என்பதையும் பார்த்துத் திருத்திக்கொள்ளவேண்டும்.

முழுச் சுரம் இறக்க விரும்புவோர் தந்தியை ஒரு படி தடித்ததாக மாற்றுவது நலம். மெல்லிய தந்தியின் பருமன் பத்தாக இருந்தால் பதினொன்றாக்குக. தடிப்பு மிகும்போது இழுவையும் மிகும். இறக்கத்தால் இழந்தது ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். தந்தியும் குழையாது, கழுத்தும் நிமிராது. ஒரு தந்திக் கட்டின் விலை தோட்டத்து நாட்கூலி ஒன்றுக்கு மேலாகும் என்பதை நான் மறக்கவில்லை. அடுத்தமுறை எப்படியும் வாங்கவேண்டிய தந்தியை ஒரு படி தடித்து வாங்கினால் மேலதிகச் செலவு இல்லை.

நியமச் சுருதியில் பாட விரும்பும் பாடகர் வந்துவிட்டால் ஆணிகளைத் தொடவேண்டாம். தந்திகளைக் கழுத்தோடு அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்னும் சிறு கவ்வியை, அரைச் சுரம் இறக்கிய கிற்றாராயின் முதல் மெட்டிலும், முழுச் சுரம் இறக்கியதாயின் இரண்டாம் மெட்டிலும் மாட்டினால் நொடிப்பொழுதில் நியமச் சுருதி கிடைத்துவிடும். தாழ்த்தி வைத்த கிற்றாரை உயர்த்துவதற்கு இத்தனை எளிய வழி இருக்கிறது. உயர்த்தி வைத்ததைத் தாழ்த்துவதற்கு அத்தகைய கவ்வி இல்லை. ஒரே கிற்றார் உடைய குழு அதனைத் தாழ்த்தியே வைத்திருக்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சுருதி சேர்க்கும்போது எப்பொழுதும் கீழிருந்து மேலே ஏறி நிறுத்துக. மேலிருந்து இறக்கி நிறுத்தினால் ஆணியின் பல்லில் நெகிழ்ச்சி தங்கி, சிறிது நேரத்தில் சுருதி நழுவும். தந்தி தங்கும் மேற்பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்தால் சிக்காமல் வழுக்கும். முன்றிலின் குளிரில் கிற்றாரை அரைமணி நேரம் வைத்திருந்தபின் சேர்க்கவேண்டும். அறைக்குள் சேர்த்ததை வெளியே கொண்டுவந்து பயனில்லை. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, சேர்ப்பதற்குமுன் தப்பை நெருப்பில் காய்ச்சி முடிக்கட்டும். தப்பு நின்ற இடத்தைக் கேட்டபின் கிற்றார் சேர்வதே முறை.

தப்புக்கு நிலையான சுரமே இல்லையே என்று இசை கற்றோர் சிலர் கூறலாம். மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கரணை, அதன் மேற்சுரங்களை ஒழுங்குபடுத்தித் தெளிந்த சுரத்தைத் தருகிறது என்பதைச் சர் சி.வி. இராமன் 1920ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து வெளியிட்டார். தப்புக்கு அக்கரணை இல்லை. ஆதலின் அதன் சுரம் மங்கலானதே. மங்கலானதாயினும் அது இல்லாததன்று. இல்லாத ஒன்றுக்காக எவரும் பனியிரவில் மிலாறு எரித்துக்கொண்டிருக்கமாட்டார்கள்.

எவருக்காக ஒலித்த தப்பு?

தப்பின் வரலாற்றை நினையாமல் இதனை முடிப்பது நேர்மையாகாது. தோட்டங்களில் விடியுமுன் ஒலித்த முதல் ஓசை பிரட்டுத் தப்பு. இருளிலே லயத்து மக்களை எழுப்பிப் பிரட்டுக் களத்துக்கு அழைத்தது அது. துரையின் நேரத்தை மக்களுக்கு அறிவித்த கருவி. மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்ட வாழ்வைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையில் அத்தப்பொலியைப் பாடியிருக்கிறார். அதே தப்பு மாலையிலே காமன்கூத்துக்கும், அருச்சுனன் தபசுக்கும், பொன்னர் சங்கருக்கும் மக்களுடைய சொந்த நேரத்தைத் தந்தது. பிறப்புக்கும் இறப்புக்கும் அதுவே குரல். 1964ஆம் ஆண்டின் உடன்படிக்கைக்குப்பின் பல்லாயிரம் குடும்பங்கள் கப்பலேறியபோது, அவர்களுள் தப்படிக்கத் தெரிந்தோரும் இருந்தனர். அடித்த கை போனபின் சில அடிகளும் போயின.

இத்தனைக்கும் உரிய மதிப்பை நாம் தப்புக்குக் கொடுத்தோமா? அதனை அடித்தவரைச் சாதி சொல்லித் தள்ளி நிறுத்தினோம். சாவுக்கு அடிக்க வேண்டும் என்றோம். பந்தியில் அமர வேண்டாம் என்றோம். தப்புக்காரர் வீட்டுப் பிள்ளை குச்சியைத் தொட மறுத்தால் அவனைக் குறை கூற எவர்க்கும் உரிமையில்லை. "சுருதி சேராது" என்ற சொல்லின் அடியிலே பழைய விலக்கு ஒன்று ஒளிந்திருக்கிறதோ என்று எனக்கு அவ்வப்போது ஐயம் தோன்றுவதுண்டு. நாகசுரத்தோடு சேராதபோது கிற்றாரைத் திருத்துகிறோம். பாடகியோடு சேராதபோதும் கிற்றாரையே திருத்துகிறோம். தப்போடு சேராதபோது மட்டும் தப்பை நிறுத்தச் சொல்கிறோமே!

தமிழகத்தில் இதற்கு மாற்றான முயற்சிகள் நடந்துவருகின்றன. 2018ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்னும் இசைக்குழு, கானாப் பாடல்களையும் பறையையும் மின் கிற்றாரையும் ஒரே மேடையில் நிறுத்திற்று. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித் அதன் உருவாக்கத்தில் முன்னின்றார். பறை அங்கே விருந்தாளியாக வரவில்லை, வீட்டுக்காரனாகவே நின்றது. ஊவாவின் இளைஞர்க்கு அது கைபேசியில் பார்த்து மகிழ்வதற்கு மட்டும் உரியதன்று. அவர்களுடைய தோட்டத்து முன்றிலிலே, அவர்களுடைய பெரியப்பன்மார் கையிலே, அதே வாத்தியம் காத்திருக்கிறது.

இசைக்குழு அமைத்துள்ள இளைஞர்களுக்கு நான் கூறுவது இவ்வளவே. அடுத்த திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே கிற்றாரை இரண்டரைக் கட்டைக்கு இறக்கி வையுங்கள். விழா இரவில் மேடையிலிருந்து ஒருமுறை கீழே வாருங்கள். நெருப்பருகே குந்தியிருக்கும் முதியவரிடம் ஓர் அடி அடிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் ஆணி எந்தப் பக்கமும் திரும்பும். அவருடைய தோலுக்கு ஓர் எல்லை உண்டு. எப்பக்கமும் திரும்பக்கூடியவர்தாம் முதலில் திரும்பவேண்டும்.